மழை நாளில் காட்டாத வீடு

எங்கள் ஊரில் நிலத்துக்குக் கீழே அறை கட்டுகிறவர்கள் இல்லை. கட்டினால் அதற்குக் கிணறு என்று பெயர். கனடாவில் இருக்கும் என் தங்கை தொலைபேசியில் ஒரு நாள், தாங்கள் வாங்கப்போகும் வீட்டின் நிலவறைச் சுவரில் ஈரம் கசிகிறதா என்று பார்க்க ஓர் ஆளைப் பிடித்திருப்பதாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் அப்போது கட்டிலில் சப்பாணி கட்டி இருந்தேன். கீழே கணுக்காலளவு தண்ணீர். என் செருப்பு ஒன்று குசினிப் பக்கமாக, அடுப்பைத் தேடி மிதந்து போய்க்கொண்டிருந்தது. மற்றது எங்கே என்று தெரியவில்லை.

அது வாடகை வீடு. யாழ்ப்பாணத்தில் கடல்நீரேரிக்குக் கிட்ட, பள்ளக் காணி. வெள்ளம் என்றால் வாசலால் வரும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். எங்கள் வீட்டு வெள்ளத்துக்கு அந்த மரியாதை தெரியாது. மழை பிடித்துக் கொஞ்ச நேரத்தில் சிவப்புச் சீமெந்துத் தரை வியர்க்கத் தொடங்கும். பிறகு வெடிப்புகளுக்குள்ளால் ஈரம் எட்டிப் பார்க்கும். உள்ளே தண்ணீர் குடிவந்துவிட்ட சேதி தெரிந்த பிறகுதான் வெளித் தண்ணீர் படியேறி வரும். வீட்டுக்காரரிடம் சொன்னால், "இந்த வருசம் மழை கொஞ்சம் கூட" என்பார். ஒவ்வொரு வருசமும் அதையேதான் சொன்னார்.

மாரி தொடங்கினால் குளிர்சாதனப் பெட்டி சீமெந்துக் கல்லுக்கு மேலே ஏறும். அரிசி வாளி மேசைக்கு மேலே ஏறும். இவர் கட்டிலுக்கு மேலே ஏறுவார். இவர் என்று நான் சொல்வது என் கணவரை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். கட்டிலில் இருந்தபடி வினாத்தாள்களைத் திருத்திக்கொண்டே, முழங்கால் தண்ணீரில் நிற்கும் என்னைப் பார்த்து, "இஞ்சரும், ஒரு தேத்தண்ணி கிடைக்குமோ?" என்று கேட்கக்கூடிய மனிதர்.

அந்த மாரியில்தான் என் கலியாணக் கூறைச்சேலை போனது. பெட்டியோடு ஊறி, கரையெல்லாம் துருக்கறை பிடித்து, பிழியப் பிழியச் சேற்றுத் தண்ணீர் வந்தது. நான் சத்தம் போட்டு அழுதேன். அழுது முடித்த கையோடு சொன்னேன்: "இன்னொரு மாரிக்கு நான் வெள்ளத்துக்கை கால் வைக்கமாட்டன். காய்ஞ்ச தரையுள்ள சொந்த வீடு ஒண்டு பாருங்கோ. இல்லாட்டில் நீங்கள் உந்தக் கட்டிலோடை மிதவுங்கோ. நான் அம்மா வீட்டை போறன்."

இவர் பேனையை மூடி வைத்தார். என் சத்தத்துக்கு அவர் பேனையை மூடியது கலியாணம் கட்டிய நாள் தொட்டு அதுதான் முதல் தடவை.

ஆவணியில் ஒரு வீடு வந்தது. கொக்குவிலில், தண்டவாளத்துக்குப் பின்னால் ஒரு குறுகலான ஒழுங்கைத் தெருவுக்குள். சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்தார், திறப்புக் கொத்து புரோக்கரிடம் இருந்தது. உயரமான அத்திவாரம், ஏறிப் போக அகலமான படிகள், பெரிய ஹோல், ரைல்ஸ் பதித்த வெள்ளைத் தரை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தரையில் நடந்தேன். காலுக்குக் குளிர்ச்சியாக, காய்ந்து கிடந்தது. அந்த நிமிடமே அந்த வீட்டில் எனக்கு ஆசை விழுந்துவிட்டது. ஆனால் ஆவணியில் யாழ்ப்பாணம் முழுக்கக் காய்ந்துதானே கிடக்கும்.

எங்கள் ஆட்கள் வீடு வாங்கப் போனால் வீட்டைப் பார்ப்பதில்லை. நேரே கிணற்றடிக்குப் போய்விடுவார்கள். இவரும் போனார். ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்திக் குடித்து, வாய் கொப்பளித்துத் துப்பி, இன்னொரு தரம் குடித்து, "தேன்" என்றார். அவருடைய பரிசோதனை அதோடு முடிந்தது.

"குடிக்கிற தண்ணி சரி. மழைத் தண்ணி எங்கை போகும்?" என்று நான் புரோக்கரைக் கேட்டேன்.

புரோக்கர் வானத்தைப் பார்த்தார். "தங்கச்சி, அது அது பாட்டிலை போகும்."

"வீட்டுக்கை வராதோ?"

"ஒரு சொட்டு வராது. என்ரை பிள்ளையள் மேலை சத்தியம்."

அந்த நேரத்தில் பக்கத்து மதிலுக்கு மேலால் ஒரு தலை தெரிந்தது. அடுத்த வீட்டு அம்மா, வயதானவர். கூப்பிடாமலே பேச்சில் கலந்துகொண்டார். "வெள்ளமோ? ஐயோ பிள்ளை, இடுப்பளவு. போன மாரிக்கு உந்த ஹோலுக்கை நிண்டு மீன் பிடிச்சனாங்கள்."

அவருடைய கணவர் தங்கள் விறாந்தைக் கதிரையில் இருந்தபடி, "இடுப்பில்லை, நெஞ்சளவு" என்று திருத்தினார்.

புரோக்கரின் முகம் கறுத்தது. ஆனால் அவர் வாய் திறக்கவில்லை. அது எனக்கு வினோதமாகப் பட்டது. பொய் என்றால் சண்டைக்குப் போயிருக்க வேண்டும். உண்மை என்றால் மழுப்பியிருக்க வேண்டும். அவர் என்னவென்றால் மதில் பக்கம் ஒரு தரம் கெஞ்சுகிற மாதிரிப் பார்த்துவிட்டுக் கேற்றைப் பூட்டினார்.

யாரை நம்புவது? எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டைப் பற்றி நல்லது சொல்கிறவர் புரோக்கர். கெட்டது சொல்கிறவர், அதைத் தன் மகளுக்கு வாங்கக் கண் வைத்திருப்பவர். மற்ற எல்லோரும், விற்பனையைக் குழப்பின பெயர் தங்களுக்கு எதற்கு என்று வாயை மூடிக்கொள்வார்கள். நான் ஒரு முடிவுக்கு வந்தேன். மழை பெய்யும்போது வீட்டைப் பார்ப்பது. பார்க்காமல் வாங்குவதில்லை.

இப்போது பஞ்சாங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணக்கு வாத்தியார்தான் என்றாலும் இவர் நாள் பார்க்காமல் நகம் வெட்டமாட்டார். எங்கள் வீட்டுச் சுவரில் வாக்கியமும் தொங்கும், திருக்கணிதமும் தொங்கும். இரண்டும் ஒத்துவராத நாட்களில் இவர் இரண்டுக்கும் நடுவில் நின்று தலையைச் சொறிவார். வீடு பார்க்கும் விஷயத்தில் இரண்டிலும் நாள் நன்றாக இருக்க வேண்டும் என்பது இவருடைய சட்டம். கூடாத நாள் என்று ஒருவர் வாய் திறந்தால் போதும், இவர் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்க்கக்கூடப் பயப்படுவார். புரோக்கர் முதல் சந்திப்பிலேயே இந்த நோயைக் கண்டுபிடித்துவிட்டார்.

ஐப்பசியில் மழை இறங்கியது. நான் குடையும் கையுமாக வெளிக்கிட்டு நிற்பேன். புரோக்கரின் அழைப்பு இவருக்கு வரும். "மாஸ்டர், இண்டைக்கு வாக்கியத்திலை கரிநாள் கண்டியளோ." மழை விட்டு வெயில் எறித்தால், "மாஸ்டர், இண்டைக்கு அருமையான நாள், வாங்கோ, வீட்டை ஒருக்கால் பாப்பம்." மறுபடி மழை பெய்தால் திருக்கணிதத்தில் மரணயோகம். வாக்கியமும் திருக்கணிதமும் ஒத்துக்கொண்டு நல்ல நாள் என்ற ஒரு மழை நாளில், கொக்குவில் இருக்கும் வடக்கே சூலம்.

"நாங்கள் கிழக்கை போய்ப் பேந்து வடக்கை திரும்புவம்" என்றேன்.

"நீர் சும்மா இரும். சூலத்தோடை விளையாடக்கூடாது" என்றார் இவர்.

"அதென்ன மழை பெய்யிற நாள் எல்லாம் கூடாத நாளாப் போகுது?"

"அதைத்தான் கிரகம் எண்டுறது."

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு பஞ்சாங்கத்தையும் கழற்றித் தண்ணீரில் விட்டிருப்பேன். தண்ணீர் இன்னும் வரவில்லை. ஆனால் தரை வியர்க்கத் தொடங்கிவிட்டது. நான் குளிர்சாதனப் பெட்டிக்குக் கல் தேட வேண்டிய காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் தண்ணீர் வரும் என்றால் எனக்கு அது வேண்டாம். வராது என்றால் அது இல்லாமல் இருக்க முடியாது. இடையில் நின்று நெஞ்சு எரிந்தது.

கார்த்திகை தொடக்கத்தில் விடாத மழை. வேலை முடிந்து கந்தோரில் இருந்து வரும் வழியில் சந்தியில் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தார்கள். படத்தில் இருந்தது எங்கோ பார்த்த முகம். குடையைச் சரித்துக் கிட்டப் போய்ப் பார்த்தேன். நெஞ்சளவு என்று திருத்திய மனிதர். எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. அதோடு சேர்ந்து ஒரு யோசனையும் வந்தது. செத்தவீட்டுக்கு யாரும் நாள் பார்ப்பதில்லை.

வீட்டுக்கு ஓடிவந்து, "வெளிக்கிடுங்கோ, செத்தவீடு ஒண்டு" என்றேன்.

"ஆற்றை? ஆர் செத்தது?"

சொன்னேன். இவர் திகைத்துப்போனார். "முன்பின் தெரியாத ஆக்களெல்லே?"

"எங்களோடை கதைச்ச மனிசன். போகாட்டில் மரியாதையில்லை."

இவர் சுவரில் தொங்கிய வாக்கியத்தைப் பார்த்தார். திருக்கணிதத்தைப் பார்த்தார். இரண்டிலும் அதைத் தடுக்க ஒரு வழியும் இருக்கவில்லை. போய் வெள்ளை வேட்டியை எடுத்தார்.

மோட்டார் சைக்கிளை ஒழுங்கை முகப்பில் விடவேண்டி வந்தது. ஒழுங்கை முழுக்கத் தண்ணீர், முழங்காலுக்கு மேலே. கால் வைக்கமாட்டேன் என்ற என் சபதம் அங்கேயே முறிந்தது. சேலையைத் தூக்கிப் பிடித்தபடி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தண்ணீர் உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. செத்தவரின் வீட்டுக்கு வந்தோம். அங்கே யாரும் இல்லை. அவருடைய விறாந்தைக் கதிரை ஆசனம் வரை தண்ணீரில் நின்றது. பறைச் சத்தமும் அழுகைச் சத்தமும் அடுத்த வளவுக்குள்ளிருந்து வந்தன. நாங்கள் வாங்கப் பார்த்த வீட்டிலிருந்து.

கேற்று அகலத் திறந்து கிடந்தது. படியேறினேன். ஹோலின் நடுவில், நான் சோபா போடலாம் என்று மனதுக்குள் குறித்து வைத்திருந்த இடத்தில், பெட்டிக்குள் அவர் கிடந்தார். தலைமாட்டில் குத்துவிளக்கு. சுற்றிவரப் பெண்கள். பின் விறாந்தையில் ஆடுகள், தையல் மெசின், அரிசி மூட்டைகள், சுருட்டிய பாய்கள், பெட்சீட் போர்த்த ரி.வி. ஒழுங்கையின் குடித்தனம் முழுக்க அங்கே இருந்தது. கையில் தேத்தண்ணித் தட்டத்தோடு குசினிக்குள்ளிருந்து வந்த மனிதர் எங்கள் புரோக்கர். என்னைக் கண்டதும் வந்த வழியே குசினிக்குள் திரும்பினார்.

அவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் பெண்களோடு போய்ச் சேர்ந்தேன். சேர்ந்தால் அழத்தான் வேண்டும். அடுத்த வீட்டு அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டு, "ஐயோ அம்மா" என்று தொடங்கினேன். தொடங்கியபடியே வலது காலால் தரையைத் தடவினேன். வந்தவர்களின் காலடி ஈரம் இருந்தது. அதற்குக் கீழே தரை கெட்டியாகக் காய்ந்திருந்தது. மெல்ல நகர்ந்து சுவருக்குப் போனேன். உள்ளங்கையை அடிச்சுவரில் வைத்து அழுத்தினேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை. அடுத்த சுவர். அதுவும் இல்லை. குனிந்து மூலையை மணந்து பார்த்தேன். பூஞ்சண வாசம் இல்லை. சந்தோசத்தில் எனக்குக் கண்ணீர் கொட்டியது.

"உந்தப் பிள்ளை மயங்கப் போகுது, பிடியுங்கோ!" என்று யாரோ கத்தினார்கள். இரண்டு பெண்கள் என்னைப் பிடித்துக் கதிரையில் இருத்தினார்கள். ஒருத்தி விசிறினாள். சோடா வந்தது. "மனிசனிலை நல்ல வாரப்பாடாக்கும், உப்பிடி அழுகுது" என்று ஒரு குரல் கேட்டது. "மனிசன் ஒருத்தருக்கும் சொல்லாமல் எவ்வளவு பேருக்கு உதவியிருக்கு பார்" என்று இன்னொரு குரல். சோடாவை நான் குடித்தேன். வேறு என்ன செய்வது?

அடுத்த வீட்டு அம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னைக் கூர்ந்து பார்த்தார். "நீர் அண்டைக்கு வீடு பாக்க வந்த பிள்ளையெல்லோ?"

விசிறி நின்றது. பறை வெளியே அடித்துக்கொண்டிருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஓம் அம்மா. தண்ணி வருதோ எண்டு பாக்க வந்தனான்."

என்னைப் பிடித்து வெளியே தள்ளுவார்கள் என்று நினைத்தேன். அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்.

"வராது பிள்ளை. நானும் இவரும் அண்டைக்குச் சொன்னது பொய். இதுக்கை ஒரு நாளும் வராது. வெளிநாட்டுக்காரன் லோட் லோடா மண் கொண்டுவந்து பறிச்சு உந்த வளவை உயத்திப்போட்டுப் போயிட்டான். முந்தி எல்லாற்றை வீட்டுக்கையும் கொஞ்சம் கொஞ்சம் வந்தது. இப்ப அவன்ரை பங்குத் தண்ணியும் எங்களுக்கைதான் வருது." பெட்டிக்குள் கிடந்தவரைப் பார்த்தார். "தண்ணி வந்தால் நாங்கள் எல்லாரும் இஞ்சை வந்திடுவம். வாங்கிறவை கேற்றைப் பூட்டிப்போட்டினம் எண்டால் எங்கை போறது? அதுதான் வாற ஆக்களுக்கு எல்லாம் நெஞ்சளவு எண்டு சொல்லுறனாங்கள். இவர் மாரிக்குக் கட்டிலாலை காலை இறக்கமாட்டார் பிள்ளை. தண்ணியெண்டால் பயம். இண்டைக்குக் கால் நனையாமல் போறார்."

சொல்லிவிட்டுத் திரும்பவும் அழத் தொடங்கினார். இந்த முறை நானும் சுவரைத் தடவாமல் அழுதேன்.

வெளியே புரோக்கரை இவர் மடக்கி வைத்திருந்தார். மரணயோகம் எல்லாம் பொய்யா என்று கேட்டுக்கொண்டிருந்தார். இவருக்கு வீட்டை விட அதுதான் கவலை.

"கரிநாள் உண்மையான கரிநாள்தான் மாஸ்டர். மற்றதெல்லாம் நான் சொன்னது" என்றார் புரோக்கர். என் பக்கம் திரும்பினார். "மழை தொடங்கினால் திறப்பைக் கேட்டு வந்து நிப்பினம் தங்கச்சி. குடுக்காமல் இருக்கேலுமே? இவ்வளவு சனத்தையும் வெளியிலை போங்கோ எண்டு கலைச்சுப்போட்டு உங்களுக்கு வீடு காட்ட எனக்கு மனம் வரேல்லை. அதுக்காக விக்காமல் விடவும் ஏலாது. எனக்கும் பிள்ளையள் இருக்கு."

அந்த மனிதரோடு சண்டை பிடிக்க நான் மூன்று மாதமாகச் சேர்த்து வைத்திருந்த சொற்கள் எல்லாம் வீணாய்ப் போயின.

குளித்துவிட்டு வந்து இவர் ஒரு பாட்டம் புலம்பினார். பால் காய்ச்சுவதற்கு முன்பே பிணம் வைத்த வீடு, அதற்கு எந்தப் பஞ்சாங்கத்திலும் நாள் இல்லை என்றார். "செத்த ஆள் நனையாமல் கிடக்கட்டுமெண்டு கொண்டுவந்து வைச்ச வீடு. அதைவிட என்ன அத்தாட்சி வேணும்?" என்றேன். ஐயரைக் கூப்பிட்டுச் சாந்தி செய்வதென்று சமாதானமானோம். அந்த வாரமே வாடகை வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது நான் சொன்னபடி அம்மா வீட்டுக்குப் போனேன். இவரும் நான் சொன்னபடி கட்டிலோடு இருந்தார். உறுதிப்பத்திரம் எழுதித் தையில் பால் காய்ச்சினோம்.

ஒழுங்கை முழுக்க வந்தது. எல்லோரும் குளித்து வெளிக்கிட்டு, செருப்பை ஒழுங்காக வரிசையில் கழற்றிவிட்டு, விருந்தாளிகளாக வந்தார்கள். ஆனால் இருக்கச் சொன்னதும் கதிரைகளைக் கவனிக்காமல், ஒவ்வொரு குடும்பமும் வெள்ளத்துக்குத் தாங்கள் வழக்கமாக இருக்கும் மூலையில் போய் இருந்துவிட்டது. பின் விறாந்தை லைற்றின் சுவிட்சைத் தேடிய இவருக்கு ஒருவர், "அலுமாரிக்குப் பின்னாலை மாஸ்டர்" என்று காட்டிக்கொடுத்தார். பிறகு வெட்கப்பட்டு எழும்பிக் கதிரையில் இருந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழும்பினார்கள். நன்றாகக் கதைத்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். வெள்ளத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அவர்களாகவே வருவார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த கார்த்திகையில் மழை அடித்து ஊற்றியது. ஒழுங்கை காணாமல் போனது. நான் ஹோலின் நடுவில் நின்று தரையைப் பார்த்தேன். வெள்ளையாய், காய்ந்து, மினுங்கிக்கொண்டு கிடந்தது. நான் எத்தனை மாரி கேட்டு அழுத தரை. காலை போனது, மத்தியானம் போனது, கேற்றைத் திறந்துகொண்டு ஒருவரும் வரவில்லை. இவர் கதிரையில் இருந்து, காலைத் தரையில் நீட்டி, வினாத்தாள் திருத்தினார். நான் சோற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிட இருந்தேன். பிசைந்த சோற்றை மூடி வைத்தேன்.

கையைக் கழுவிவிட்டுப் படியிறங்கினேன். தண்ணீர் முழங்காலைக் கடந்தது. அடுத்த வீட்டு அம்மா தன் கட்டிலில், இரண்டு காலையும் சேலைக்குள் மடக்கி வைத்துக்கொண்டு, தனியே இருந்தார். ஆட்டுக்குட்டி ஒன்று மடியில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"எழும்புங்கோ அம்மா, வாங்கோ."

"வேண்டாம் பிள்ளை. முந்தி அது ஆளில்லாத வீடு. இப்ப உங்கடை வீடெல்லோ. உங்களுக்கு ஏன் கரைச்சல்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்கடை கட்டிலுக்குக் கீழை நிக்கிறது ஆற்றை தண்ணி? என்ரை வளவுக்கை நிண்டிருக்கவேண்டிய தண்ணி. அதை உங்களிட்டை விட்டிட்டு நான் அங்கை காலை நீட்டிச் சோறு தின்னவோ? எழும்புங்கோ எண்டால் எழும்புங்கோ!"

அவர் ஆட்டுக்குட்டியை என் கையில் தந்துவிட்டு, காலைத் தண்ணீருக்குள் இறக்கினார். நாங்கள் ஒழுங்கையில் போவதை மற்ற வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். நான் அவர்களையும் ஏசினேன். ஏச்சு வாங்கின பிறகுதான் ஒவ்வொருவராகப் பாயைச் சுருட்டினார்கள்.

பொழுதுபடுவதற்குள் ஹோலில் கால் வைக்கக் காய்ந்த இடம் இல்லை. சேறும், ஆட்டுப் புழுக்கையும், சாக்கு நனைந்து வடிந்த தண்ணீரும். இவர் எங்கிருந்தோ தரை துடைக்கும் துணியைத் தேடி எடுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துப் பயந்து பயந்து வந்தார்.

"விடுங்கோ" என்றேன். "இன்னும் ஆக்கள் வருகினம்."